நாய்க்குட்டி கறுப்பு சாக்லேட் தின்றுவிட்டது, இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது: விடியும்வரை காத்திருக்கலாமா?

நோர்வூட் பிள்ளை
சனிக்கிழமை, இரவு 7.10

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும். எங்கள் தோட்டத்து லய வீடுகள் பக்கம் சிக்னல் கிடையாது, கோயில் மேட்டில் நின்றுதான் எழுதுகிறேன். பதில் சொல்பவர்கள் தயவுசெய்து விவரத்தை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.

எங்களிடம் மூன்று மாதக் குட்டி ஒன்று இருக்கிறது. பெயர் கறுப்பி. தோட்டத்து நாய்தான். மழையில் பெரட்டுக்களத்துக்குப் பின்னால் கிடந்ததை அம்மா படங்குக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். போன வாரம் சித்தி கட்டாரிலிருந்து வந்தபோது அப்பாவுக்கு ஒரு கறுப்பு சாக்லேட் கட்டி கொண்டுவந்தார். அப்பாவுக்கு சீனி வியாதி. சீனி குறைந்த சாக்லேட் என்றால் ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடலாமே என்றுதான் கொண்டுவந்தார். உறையில் 70 சதவீதம், 100 கிராம் என்று போட்டிருக்கிறது. மொத்தம் பத்துத் துண்டு. அப்பா இரண்டு சாப்பிட்டிருந்தார். இன்றைக்கு மாலை 6.15 போல நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விட்டு 6.30க்குத் திரும்பி வந்து பார்த்தால், வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உறை கிழிந்து கிடக்கிறது, ஐந்து துண்டுதான் மிச்சம். வெள்ளித்தாளையும் கடித்திருக்கிறது.

இப்போது வாந்தி இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கூடவே ஓடுகிறது. அப்பா "ஒன்றும் ஆகாது, காலையில் பார்ப்போம்" என்கிறார். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகம் எப்படியும் திங்கட்கிழமைதான் திறக்கும். ஆனால் சாக்லேட் நாய்க்கு விஷம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். எனக்குக் கை நடுங்குகிறது. காத்திருக்கலாமா?

மஸ்கெலியா தம்பி
இரவு 7.14

அக்கா, உப்பைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுங்கள், உடனே கக்கிவிடும். எங்கள் அம்மாயி அப்படித்தான் செய்வார்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
இரவு 7.22

மகள், முதலில் இதைப் படியுங்கள். காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். உடனே ஹட்டனிலுள்ள தனியார் மிருக வைத்தியர்களுக்குப் போன் எடுத்துவிட்டு, த்ரீவீலுக்கும் சொல்லிவிடுங்கள். வண்டி வரும்வரை மிச்சத்தை வாசிக்கலாம்.

நான் 31 வருடம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இந்த மலைப்பக்கத் தோட்டங்களில் வேலை செய்தவன். வைத்தியர் அல்ல. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதும் தடுப்பூசி போடுவதும்தான் என் வேலை. ஆனால் வைத்தியர்களின் பக்கத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாக்லேட்டில் தியோபுரோமீன் என்ற பொருள் இருக்கிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனுக்கு உடன்பிறப்பு மாதிரி. நம் உடம்பு அதை நாயைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடம்பில் பாதி குறைவதற்கே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அதனால் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி இதயத்தையும் நரம்பையும் விரட்டிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப்பைக்குப் போனதும் அங்கிருந்து மறுபடி இரத்தத்துக்குத் திரும்பும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 70 சதவீதக் கறுப்பு சாக்லேட் என்றால் ஒரு கிராமில் தியோபுரோமீன் மட்டும் 8 மில்லிகிராம் அளவில் இருக்கும். மூன்று துண்டு என்றால் 30 கிராம். ஆக 240 மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. குட்டி 5 கிலோ என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு 48. 20 தாண்டினால் வாந்தியும் பேதியும் அமைதியில்லாமல் அலைவதும் தொடங்கும். 40, 50 என்று போனால் இதயத் துடிப்பு கெடும். 60க்கு மேல் வலிப்பு வரலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டியின் எடையைச் சரியாகப் பார்க்க முடியுமா? கொழுந்து நிறுக்கும் மடுவம் பூட்டியிருக்கும். பக்கத்தில் யாராவது மரக்கறி வியாபாரம் செய்தால் அவர்களிடம் தொங்கு தராசு இருக்கும். குட்டியை ஒரு பைக்குள் விட்டுத் தூக்கிப் பாருங்கள், பிறகு பையின் எடையைக் கழித்துவிடுங்கள். வைத்தியர் போனில் முதலில் கேட்பது எடை, எந்த வகைச் சாக்லேட், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்ற நான்கும்தான். சாக்லேட் உறையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உறையையும் கையோடு கொண்டுபோங்கள். உலர்ந்த திராட்சை இருக்கிறதா, சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பின்பக்கத்தில் பாருங்கள். அப்பாவின் சீனி வியாதிக்கு என்று வாங்கியது என்பதால்தான் கேட்கிறேன். சைலிட்டோல் நாயின் இரத்தத்தில் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மஸ்கெலியாத் தம்பி, நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் உப்பு உள்ளே போய் நாய் கக்காமல் விட்டால், அந்த உப்பே மூளையைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும். சின்னக் குட்டிக்கு ஒரு கை உப்பு கொடுமை. பாலும் தேங்காய் எண்ணெயும் விஷத்தை முறிக்காது, கொழுப்பைத்தான் கூட்டும். அடுப்புக்கரியும் வேண்டாம், விஷத்தை உறிஞ்சுவதற்கு வைத்தியர் கொடுக்கும் மருந்துக்கரி வேறு. கக்க வைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சில நேரம் வைத்தியரே போனில் அளவு சொல்லிக் கொடுக்கச் சொல்வார். அவர் சொல்லாமல் தொடக்கூடாது.

எதற்காக இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். என் வீட்டில் டைகர் என்று ஒருவன் இருந்தான், 7 கிலோ. பேரனின் பிறந்தநாள் கேக்குக்கு வாங்கி வைத்த கறுப்பு சாக்லேட்டை, 150 கிராமுக்குக் குறையாது, ஒரு மாலை நேரம் தின்றுவிட்டான். அவனும் இப்படித்தான் ஓடினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். நிறையத் தண்ணீர் குடித்தான், இரண்டு தடவை வாந்தி எடுத்தான், போய்விட்டது என்று நிம்மதியானேன். நடுச்சாமத்துக்கு மேல் நடுங்கத் தொடங்கினான். டிசம்பர் மாதம், கதவிடுக்கால் பனி உள்ளே வருகிறது. குளிரில்தான் நடுங்குகிறான் என்று கம்பளியால் போர்த்தி அடுப்படியில் படுக்க வைத்தேன். மாட்டின் காய்ச்சலைக் கைபட்டதும் சொல்லுகிறவன் நான், என் நாயின் நடுக்கம் எனக்கு விளங்கவில்லை. உடம்பு கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன்மேல் கம்பளி போட்டிருக்கிறேன். 4 மணிக்கு வலிப்பு வந்தது. வண்டி வரும் முன்பே போய்விட்டான்.

ஆகவே மகள், குட்டி நடுங்கினால் குளிர் என்று நினைத்துவிடாதீர்கள். காதையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் போர்த்த வேண்டாம். வழியில் வலிப்பு வந்தால் வாய்க்குள் கை விடக்கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது. அடிபடாமல் மடியில் வைத்துக்கொண்டு, சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனில் யாரும் எடுக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வாந்தி எடுக்க வைப்பது முதல் 2 மணி நேரத்துக்குள் நடந்தால் பலன் அதிகம். சாக்லேட் வயிற்றில் களி மாதிரி ஒட்டிக் கிடப்பதால் அதற்குப் பிறகும் வைத்தியர்கள் முயல்வார்கள். நேரமாகிவிட்டது என்று யாராவது சொன்னாலும் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

நோர்வூட் பிள்ளை
இரவு 7.41

ஐயா, ஹட்டனில் ஒருவர் எடுத்தார். கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன், உடனே கொண்டுவா என்றார். மரக்கறி அண்ணனின் தராசில் பையைக் கழித்து 4.5 கிலோ. உறையில் திராட்சையும் இல்லை, நீங்கள் சொன்ன இனிப்பும் இல்லை, சீனிதான் போட்டிருக்கிறது. அப்பாவே த்ரீவீலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உங்கள் டைகர் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். போகிறோம்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
இரவு 7.44

4.5 என்றால் கிலோவுக்கு 53. கஃபீனையும் சேர்த்தால் 60க்குக் கிட்ட. இந்த எண்ணை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். நான் இன்றைக்குத் தூங்கமாட்டேன், எத்தனை மணியானாலும் எழுதுங்கள்.

பண்டாரவளை கேக் வீடு
இரவு 9.05

கறுப்பிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன் தங்கச்சி.

இதே பயத்தோடு பின்னால் வாசிக்க வருபவர்களுக்கு என் அனுபவத்தையும் சொல்லி வைக்கிறேன். நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். போன வருடம் எங்கள் நாய், 18 கிலோ, 40 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றது. அழுதுகொண்டே வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அவர் கணக்குப் பார்த்தார். பால் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராம் அளவுதான் என்றார். ஆக 80, அதை 18ஆல் வகுத்தால் நாலரைகூட வரவில்லை. வீட்டிலேயே வைத்துக் கவனி, வாந்தி நிற்காவிட்டால் வா என்றார். ஒரு தடவை கக்கியது, அவ்வளவுதான். வெள்ளைச் சாக்லேட்டில் இந்த விஷம் இல்லாத மாதிரிதான், ஆனால் அதன் கொழுப்பு நாயின் கணையத்தைப் பாதிக்கலாம் என்றும் சொன்னார்.

அவர் எச்சரித்தது கொக்கோத் தூளைப் பற்றித்தான். கிராமுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாதாம். ஒரு மேசைக்கரண்டி 5 கிராம் வரும். அப்படியென்றால் ஒரே கரண்டியில் 100 மில்லிகிராம். கறுப்பி அளவுக் குட்டிக்கு அந்த ஒரு கரண்டியே 20ஐத் தாண்டிவிடும். நான் மாச்சல்லடையைக் கழுவாமல் கீழே வைப்பேன், நாய் வந்து நக்கும், பார்த்துச் சிரிப்பேன். அன்றைக்கு நினைத்ததும் வயிறு கலங்கிவிட்டது. இப்போது தூள், சல்லடை, கிண்ணம் எல்லாம் மேல் தட்டில்.

மாத்தளைக் கொக்கோ வளவு
இரவு 9.40

எங்கள் பக்கம் வளவுகளில் கொக்கோ மரம் நிற்கும். கொட்டையை வறுத்து உரிக்கும்போது வரும் தோலை ரோஜாச் செடிக்கு அடியில் போடுவோம். நாய்க்கு அந்த வாசம் பிடிக்கும், போய்த் தின்னும். அந்தத் தோலிலும் இதே விஷம் இருக்கிறது. செடிக்குப் போடுவதென்றால் நாய் போகாத இடத்தில் போடுங்கள். அந்தப் பிள்ளையிடமிருந்து ஏதாவது செய்தி வந்ததா?

நோர்வூட் பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50

ஐயா, அக்காமாரே, கறுப்பி உயிரோடு இருக்கிறது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஹட்டனுக்குப் போய்ச் சேர 8.30 ஆகிவிட்டது. பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை, த்ரீவீல் அண்ணன் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். பாதி வழியில் கறுப்பி மடியில் நிற்கவே இல்லை. நெஞ்சில் கை வைத்தேன், துடிப்பை எண்ண முடியவில்லை. பிறகு பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது. என் கை தானாகவே ஜெர்சியைக் கழற்றிப் போர்த்தப் போனது. அப்போதுதான் ஐயா எழுதியது ஞாபகம் வந்து காதைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகச் சுட்டது. ஜெர்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

வைத்தியர் ஊசி போட்டுப் பத்து நிமிடத்துக்குள் கக்கியது. கபில நிறத்தில் கட்டியாக நிறைய வந்தது, வெள்ளித்தாளும் வந்தது. கால் நடுக்கம் இன்னும் கூடியிருந்தால் கக்க வைக்க முடியாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். பிறகு மருந்துக்கரியைக் கரைத்து மெதுவாகக் கொடுத்தார், சேலைன் ஏற்றினார், இதயத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்து போட்டார். இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே தூக்கிப்போய் மூத்திரம் பெய்ய விடச் சொன்னார். ஐயா சொன்ன மாதிரி, சிறுநீர்ப்பையில் நின்றால் விஷம் திரும்பவும் இரத்தத்துக்குப் போகுமாம். நானும் அப்பாவும் மாறி மாறித் தூக்கிப்போனோம். அப்பா ஒரு தடவை குடையைக் குட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு நின்றார்.

3 மணிக்குப் பிறகு துடிப்பு இறங்கிவிட்டது. இப்போது மேசைக்குக் கீழே தூங்குகிறது. மாலைவரை இங்கேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள்வரை கவனமாகப் பார்க்க வேண்டுமாம்.

மஸ்கெலியா தம்பி
காலை 6.15

அக்கா, நான் உப்புத் தண்ணீர் சொன்னதை நினைத்து இரவு முழுக்கத் தூக்கமில்லை. மன்னித்துவிடுங்கள். ஐயா, விளக்கிச் சொன்னதற்கு நன்றி. அம்மாயியிடமும் சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
காலை 6.20

கடவுளே. நல்லது மகள், மிகவும் நல்லது. அப்பாவிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இதே வேலையில் இருந்த எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் செய்ய வேண்டியவை: இரண்டு நாளைக்குக் கஞ்சி மாதிரி, கொழுப்பில்லாத சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது கரி. மறுபடி வாந்தி வந்தாலோ, வயிற்றைத் தொட்டதும் கத்தினாலோ வைத்தியருக்குச் சொல்லுங்கள். கட்டி வைக்க வேண்டாம், மூத்திரத்துக்கு அடிக்கடி வெளியே விடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நம் பக்கத்துக்கு என்றே சொல்ல வேண்டியது. நம் வீடுகளில் சாக்லேட் வருடத்துக்கு இரண்டு தடவை வரும். தேயிலைத் தூள் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. காய்ந்த தூளில் ஒரு கிராமுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும், நாய்க்கு அதுவும் இதே மாதிரி வேலை செய்யும். தேத்தண்ணி ஊற்றி வடித்த சக்கையில் குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி நம் கோப்பைக்கு வந்துவிடும். ஆனால் தூள் பக்கெட்டைக் கிழித்துத் தின்றால் அது சின்ன விஷயம் இல்லை. தூள் டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்?

நோர்வூட் பிள்ளை
வியாழக்கிழமை, மாலை 6.30

ஐயா, அடுப்படிக்குக் கீழேதான் வைத்திருந்தோம், மூடியும் சரியில்லை. இப்போது அம்மா சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். சித்தியின் மிச்சச் சாக்லேட்டை அப்பா தகர டப்பாவில் போட்டு அல்மாரிக்கு மேல் வைத்துவிட்டார், இனி எடுக்கவும் மாட்டேன் என்கிறார்.

கறுப்பிக்கு முதல் இரண்டு நாளும் சாப்பாட்டில் மனமில்லை. நேற்றிலிருந்து கஞ்சியை நக்கி முடிக்கிறது. வைத்தியரின் போன் இலக்கத்தை மாவு டின்னின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம், லயத்தில் மற்ற வீட்டுக்காரர்களும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு மரக்கறி அண்ணன் தானாகவே தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையைக் கழித்து 4.6 கிலோ.